மீனுக்கும் ஓர் அடையாளம் வேண்டும்

பூச்சிமருந்து டப்பாவின் மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என ஏதேனும் ஒரு வண்ணம் இருக்கும். சிவப்பு கடும் நஞ்சு. பச்சை குறைந்த நஞ்சு. 1971-ம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகள் வகுத்த முறை இது. ஆனால் எலி போன்ற பிராணிகளில் பார்த்த நச்சளவைக் கொண்டு, மனிதருக்குள்ள ஆபத்தைச் சொல்லும் அடையாளமே இது. மீனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

மீனுக்குத் தனிச் சோதனை உண்டு. தொட்டிகளில் வெவ்வேறு அளவில் மருந்தைக் கலந்து, 96 மணி நேரம் மீன்களை விட்டுவைப்பார்கள். பாதி மீன்கள் சாகும் அளவைக் கணக்கிடுவார்கள். அது பாதுகாப்பான அளவு அல்ல. அதற்குக் குறைவிலும் மீன் சாகும்.

சைபர்மெத்ரின் டப்பாவில் சிவப்பு இல்லை. ஆயினும் பல நன்னீர் மீன்களுக்கு, சோதனைத் தொட்டியில், லிட்டருக்குச் சில மைக்ரோகிராமே எமன். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள குட்டையில் 10 சத மருந்து 10 மில்லி விழுந்தாலே, லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் ஆகிவிடும். தெளிப்பானைக் குளத்தில் அலசலாமா?

குளத்து மீன் ஏழைக்குக் கறி. பல ஊர்களுக்கு ஏல வருமானம். சோதனையின் முடிவு துண்டுப் பிரசுரத்தின் பொடி எழுத்தோடு நின்றுவிடக் கூடாது. வண்ணத்துக்கு அருகே மீன் படமும், “குளத்தில் கழுவாதீர்” என்ற வாசகமும் பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட அரசு உத்தரவிட வேண்டும்.

அதுவரை விவசாயிகள், அலசிய நீரை மருந்தடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள். அந்த வயல் நீரை உடனே வாய்க்காலில் வடிக்காதீர்கள்.