நிழலில் 41 டிகிரி

ஏப்ரல் 24-ஐ ஒட்டி சென்னையில் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேல் வருகிறது. மதியம் பன்னிரண்டு தாண்டி ஏழெட்டு நிமிஷத்தில் வெட்டவெளியில் ஒரு கம்பை நட்டால், அதற்கு நிழலே விழாது. 'நிழலில்லா நாள்' என்று அறிவியல் ஆர்வலர்கள் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் காட்டுகிறார்கள். ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு தடவை இதே கதை.

இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்தவர் எங்கள் பஸ் ஸ்டாப்பில் பூ விற்கும் அம்மா. அங்கே ஒரு விளம்பரத் தூண் இருக்கிறது. காலையில் அவர் கூடை தூணுக்கு மேற்கே. சாயங்காலம் கிழக்கே. கூடை எங்கே இருக்கிறது என்று பார்த்தே மணி சொல்லிவிடலாம். நடுப்பகலில் மட்டும் ஒண்டுவதற்கு எதுவும் இல்லை. ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்.

முன்பு அந்த இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. ரோட்டை அகலப்படுத்த வெட்டினார்கள். பதிலுக்கு எவர்சில்வர் நிழற்குடை வந்தது. பெயர்தான் நிழற்குடை. அதன் நிழல் பகல் முழுக்கப் பின்னாலுள்ள சாக்கடை மூடியின் மேல் விழுகிறது. இரண்டு மணிக்கு அந்த இருக்கையில் உட்கார்ந்தால் முறுகல் தோசையாக எழுந்திருக்கலாம். முதுகுப் பக்கம் ஏ.சி. விளம்பரம், கணவனும் மனைவியும் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு போன் செய்து கேட்டேன். 'டிசைன் மேலேர்ந்து வந்தது சார்' என்றார்கள். சூரியனும் மேலேர்ந்துதானே வருகிறது, இருவரும் கலந்து பேசியிருக்கலாம்.

இந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து டி.வி. போட்டால், 'சென்னையில் இன்று 41 டிகிரி' என்றார்கள். யாருக்கு 41?

வானிலைக்காரர்கள் தெர்மாமீட்டரை வெயிலில் வைப்பதில்லை. வெள்ளை பெயிண்ட் அடித்த மரப்பெட்டி. நாலு பக்கமும் காற்றுப் புக சாய்வான சட்டங்கள். தரையிலிருந்து நாலடி உயரம். கீழே புல்தரை. இதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்து இன்ஜினியர். 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதிய ஸ்டீவன்சனின் அப்பா. காற்றின் வெப்பத்தை ஒழுங்காக அளக்க அப்படித்தான் வைக்க வேண்டும், தப்பே இல்லை. ஆனால் 41 என்பது நிழலில், காற்றோட்டமாக, புல்லின் மேல் நிற்கும் ஒரு பெட்டிக்கான கணக்கு. அதே நேரத்தில் தார் ரோட்டின் மேற்பரப்பு 60-ஐத் தொட்டுவிடும். பூக்கார அம்மா உட்கார்ந்திருப்பது பெட்டிக்குள் அல்ல, ரோட்டில். தெர்மாமீட்டருக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியாவது அவருக்குக் கொடுக்கக்கூடாதா என்பதுதான் இந்த வாரம் என் சண்டை.

யோசித்துப் பார்த்தால், மனுஷனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குளிர்ச்சியாக வைப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். 1902-ல் நியூயார்க் புரூக்ளினில் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதல் நவீன ஏ.சி. ஆட்களுக்காக அல்ல, அச்சகத்துக் காகிதத்துக்காக. ஈரப்பதத்தில் காகிதம் விரிந்து சுருங்கி, கலர் அச்சு விலகிப் போனது. காகிதம் முந்திக்கொண்டது, மனிதன் பிறகு வந்தான். இன்றைக்கும் ஏ.டி.எம். மிஷின் ஏ.சி.யில், காவலாளி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில். அந்த ஏ.சி. உள்ளேயிருந்து இழுக்கிற சூட்டை வெளியே அவர் மேல்தான் ஊதுகிறது. ஐஸ்கிரீம் கொண்டுவரும் பையனின் முதுகுப் பைக்கு வெப்பம் தாங்கும் உறை உண்டு. பையனுக்கு ஒரு கைக்குட்டை. பத்து நிமிஷத்தில் உருகாமல் வந்து சேரவேண்டியது ஐஸ்கிரீம், அவன் உருகினால் நட்சத்திரம் குறையாது.

பழைய மெட்ராஸிலும் இதே லட்சணம்தான். 1842-ல் மெரினா ஓரத்தில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பக்கம் குளிர்காலத்தில் ஏரிகளில் அறுத்த ஐஸ் கட்டிகள், மரத்தூளில் புதைந்து, கப்பலில் மாசக்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து இறங்கின. துரைமார்களின் பானத்துக்கு. மற்றபடி வெயில் ஏறினால் கவர்னரும் பரிவாரமும் ஊட்டிக்குக் கிளம்பிவிடுவார்கள். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் 1796 முதல் வெயிலும் மழையும் பதிவாகியிருக்கின்றன. 2003 மே 31-ல் அங்கே பதிவான 45 டிகிரி வரைக்கும் கணக்கு கச்சிதம். வெயிலைப் பற்றிய கணக்குதான். வெயிலால் போனவர்களைப் பற்றி அப்படி ஒரு கணக்கு நம்மிடம் இல்லை.

'அந்தக் காலத்திலயும் வெயில் இருந்தது சார், எல்லாரும் பொழைக்கல?' என்று ஒருவர் வாக்கிங்கில் கேட்டார். இருந்தது. கூடவே நிழலும் இருந்தது. ரோட்டோரம் ஆலமரம் நட்டேன், கிணறு வெட்டினேன் என்பதை அசோகர் தன் சாதனையாகத் தூணில் பொறித்தார். நம் ஊரில் சுமைதாங்கிக் கல். தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்துவிட்டு மூச்சு விடலாம். பெரும்பாலும் கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டது. திண்ணைக்கு வாடகை கிடையாது.

தண்ணீர்ப் பந்தலும் பழசுதான். திங்களூரில் அப்பூதி அடிகள், தான் பார்த்தே இராத திருநாவுக்கரசர் பெயரில் பந்தல் வைத்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. அந்த வழியே வந்த அப்பர், தன் பெயரைப் பார்த்துத் திகைக்கிறார். இன்றைய பந்தல்களிலும் பெயர் இருக்கிறது, போட்டோவோடு. திறப்பு விழாவன்று தர்பூசணி, நுங்கு, மோர், டிரம்ஸ். ஒரு வாரத்தில் பானை காலி. பேனர் மட்டும் கத்திரி முடியும்வரை கடமை தவறாமல் நிற்கிறது.

அடுத்தது, வருஷா வருஷம் வரும் அறிவுரை. 'பகல் 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள்.' மருத்துவ ரீதியில் நூற்றுக்கு நூறு சரி. எனக்குச் சரி, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறவனுக்கு. சென்டரிங் கம்பி கட்டுகிறவரும் குப்பை வண்டி தள்ளுகிறவரும் யாரிடம் லீவ் லெட்டர் கொடுப்பது?

பூக்கார அம்மாவிடம் பெரிய டாக்டர் மாதிரி, 'தண்ணி நெறைய குடிங்கம்மா' என்றேன்.

'குடிச்சா எங்க சார் போறது?' என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்த ரோட்டில் கண்ணுக்கு எட்டிய தூரம் பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லை. காலை ஆறு மணிக்கு வந்து ராத்திரி எட்டுக்குத் திரும்புகிற ஒரு பெண், தாகத்தை அடக்கிக்கொள்வது அறியாமையால் அல்ல. கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரத்தில் வேர்வை சுலபத்தில் உலராது. உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். அதற்கு முதலில் உள்ளே தண்ணீர் வேண்டும். வெயில் பிரச்னை என்று நாம் சொல்வதில் பாதி, கழிப்பறைப் பிரச்னை.

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு நாலு லட்ச ரூபாய் நிவாரணம். நல்ல காரியம். ஆனால் வெயிலில் சுருண்டு விழுகிறவருக்குச் சான்றிதழில் பெரும்பாலும் 'மாரடைப்பு' என்றுதான் விழும். மாரடைப்புக்கு ஏது பேரிடர்? அகமதாபாதில் 2010 மே மாத வெப்ப அலையை ஆராய்ந்தவர்கள் வேறு வழியில் எண்ணினார்கள். காரணத்தை விட்டுவிட்டு, வழக்கமான மே மாதங்களைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பார்த்தார்கள். 1,344 பேர். எண்ணிப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. 2013-ல் அந்த நகரம் வெப்பத்துக்கென்று தனிச் செயல்திட்டமே போட்டது. இங்கேயும் அதேபோல் ஒவ்வொரு கோடைக்கும் எண்ணி வெளியிடட்டும். பயமுறுத்த அல்ல, வெட்கப்பட.

அடுத்தது நிழல். மரம் வளரப் பத்து வருஷம் ஆகும் என்பார்கள். சரி, இன்றைக்கே நடுங்கள். அதுவரைக்கும் கீற்றுப் பந்தல் போட அரை நாள் போதும். கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் போடத் தெரிந்த நமக்கு பஸ் ஸ்டாப்புக்குப் போடத் தெரியாதா? 2024 மே மாதம் புதுச்சேரியில் சிக்னல்களில் பச்சை வலையைக் கட்டி பைக்காரர்களுக்கு நிழல் கொடுத்தார்கள். ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கயிறு, வலை, கொஞ்சம் மனசு.

கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று 2021-ல் இங்கே சட்டத் திருத்தம் வந்தது. அதற்கு முன்னால் 'நிக்கறதுதானே வேலை' என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அதேபோல வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு நடுப்பகல் ஓய்வு, அதற்குக் கூலி பிடித்தமில்லை, பக்கத்தில் நிழல், தண்ணீர், கழிப்பறை என்று சட்டத்தில் எழுத வேண்டும். எழுதினால் மட்டும் போதாது என்பது தெரியும். எழுதாவிட்டால் கேட்கவே முடியாது.

அதுவரைக்கும் என்னால் முடிந்தது ஒன்றுதான். வீட்டில் கல்யாணத்துக்கு வந்த பெரிய குடை ஒன்று பரணில் கிடந்தது. தூணில் கட்டிக் கொடுத்தேன். அம்மா அதன் கீழே முதலில் பூக்கூடையைத்தான் நகர்த்தி வைத்தார்.

'மல்லி வாடிடும் சார்.'

அவர் வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார்.