பெரிது என்பதால் பிரதி வேண்டாமா?

"கணக்கெல்லாம் கணனியில் பத்திரமாக இருக்கிறது" என்று நமது வியாபாரிகள் பலர் சொல்வதுண்டு. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். தென்கொரியாவில் நடந்த ஒரு தீ விபத்து என் எண்ணத்தை மாற்றிவிட்டது.

2025 செப்டெம்பர் 26ஆம் திகதி, டேஜோன் நகரிலுள்ள அரச தரவு மையத்தில் லித்தியம் பற்றரிகள் தீப்பற்றின. 96 கணனித் தொகுதிகள் அழிந்தன. அவற்றுள் ஒன்று, அரச ஊழியர்கள் தமது கோப்புகளைச் சேமித்துவந்த 'ஜி-டிரைவ்'. அதிலிருந்த 858 டெராபைட் தரவுகள் பறிபோயின. ஏனைய தொகுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேறிடத்தில் பிரதி இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. அளவு மிகப் பெரிது என்பதே அதிகாரிகள் கூறிய காரணம்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. எவ்வளவு பெரிய சேமிப்பானாலும் தினமும் முழுவதையும் பிரதி எடுக்கத் தேவையில்லை. முதலில் ஒரு முழுப் பிரதி. பின்னர் அன்றன்று மாறிய கோப்புகள் மட்டும். மெயின்பிரேம் கணனி வைத்திருக்கும் வங்கிகள் பல தசாப்தங்களாகக் காந்த நாடாவில் செய்துவருவது இதுதான். நாமும் சரக்கு முழுவதையும் வருடத்துக்கு ஒருமுறைதானே எண்ணுகிறோம்? அன்றாட வரவு செலவை அன்றன்று எழுதுகிறோம்.

நமது கடைக் கணக்கோ ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். என்னுடையது நெடுநாளாகக் கடை மேசை லாச்சிக்குள்தான் கிடந்தது. கடை எரிந்தால் அதுவும் எரிந்திருக்கும். இப்போது வீட்டில் வைக்கிறேன். மாதம் ஒருமுறை திறந்தும் பார்க்கிறேன். நீங்களும் செய்யுங்கள். கடன் கொப்பியே சாம்பலானால், யாரிடம் போய் எவ்வளவு என்று கேட்பது?