நடக்காமல் போனதைக் கேட்டறிவது

உணர்வுப் புறக்கணிப்பு என்பது குழந்தையின் அச்சம், அழுகை, கோபம், மகிழ்ச்சி ஆகியவற்றை வளர்ப்பவர் தொடர்ந்து கவனிக்காமல் விடுவது. அடிக்கும் வசைக்கும் நாளும் இடமும் சொல்லலாம். நடக்காமல் போனதற்கு அப்படிச் சொல்ல எதுவும் இருக்காது. அதனால் சிகிச்சைக்கு வருபவர் இதைப் புகாராகக் கொண்டுவருவதில்லை. தூக்கமின்மை, நெஞ்சடைப்பு, மனைவி மக்களிடம் ஒட்ட முடியாமை என்றுதான் வருகிறார். சிறுவயதைப் பற்றிக் கேட்டால் "எங்கப்பா ஒரு குறையும் வெக்கல சார்" என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. சோறும் துணியும் பள்ளிக் கட்டணமும் குறைவின்றிக் கிடைத்த வீட்டிலும் இந்தப் பற்றாக்குறை இருந்திருக்கலாம்.

மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. இரண்டில் ஒரு குழந்தை உணர்வு ரீதியான கொடுமைக்கு ஆளானதாகக் கூறியது. பெண் குழந்தைகளில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகையில் குடும்பத்தாரால் புறக்கணிக்கப்பட்டதாகத் தெரிவித்தனர். சகோதரனைவிடக் குறைந்த கவனிப்பும் தம்பி தங்கையை வளர்க்கும் பொறுப்பும் அதில் அடங்கும். பத்து வயதில் அந்தப் பொறுப்பைச் சுமந்தவர் நடுவயதில் "எனக்கு எதுவும் வேணாம்" என்று சொல்லிப் பழகியவராக வந்து நிற்கிறார்.

வாழ்க்கை வரலாறு கேட்கும்போது ஊரின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, புதுச்சேரி முதலியார்பேட்டையில் 1898இல் தொடங்கிய ஏ.எப்.டி. ஆலையை ஊரார் ரோடியர் மில் என்பார்கள். அது 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் சேதமடைந்து, 2020இல் மூடப்பட்டது. இரவு ஷிப்டு முடித்த தந்தை பகலில் உறங்கும் வீட்டில் பிள்ளை சத்தம் போடாமல் விளையாடக் கற்றுக்கொள்ளும். வேலை போன தந்தை பகல் முழுக்க வீட்டிலிருந்தும் யாரிடமும் பேசாதிருக்கக்கூடும். ஷிப்டோ வேலையிழப்போ தம்மளவில் புறக்கணிப்பு ஆகாது. அந்தப் பிள்ளை அழுதபோது ஆயாவோ அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ தூக்கினார்களா என்பதே கேள்வி.

அதை எப்படிக் கேட்பது என்பதில்தான் தொழில்திறன் இருக்கிறது. பரவலாகப் பயன்படும் குழந்தைப்பருவ அதிர்ச்சி வினாத்தாளின் 28 கூற்றுகளில் ஐந்து உணர்வுப் புறக்கணிப்புக்குரியவை. ஐந்தும் குடும்பத்தின் அன்பையும் நெருக்கத்தையும் சொல்லும் நேர்மறைக் கூற்றுகள். மதிப்பெண் தலைகீழாக இடப்படும். அவற்றை வாய்மொழியாகப் படித்துக் காட்டினால், பெற்றோரைக் குறை சொல்லக் கூசும் ஒருவர் எல்லாவற்றுக்கும் "ஆமா" என்றுவிடுவார், புறக்கணிப்பு பதிவாகாது. நிகழ்ச்சியைக் கேட்பது மேல். "ஸ்கூல்ல விழுந்து அடிபட்டு வந்தா முதல்ல யார்கிட்ட சொல்வீங்க?" என்று கேட்டால், "யார்கிட்டயும் இல்ல, நானே கழுவிட்டுப் படுத்துக்குவேன்" என்ற பதில் வரலாம். மனச்சோர்வில் இருப்பவருக்குப் பழைய நினைவுகள் இருண்டு தெரியக்கூடும் என்பதால், சோர்வு குறைந்தபின் இதே கேள்விகளை மறுபடி கேட்பது நல்லது.

1970களில் எட்வர்ட் ட்ரோனிக் நடத்திய சோதனையில், தாய் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டபோது குழந்தை சிரித்தும் கைநீட்டியும் அவரை மீட்கப் பார்த்தது. பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. முகபாவம் காட்டாமல் குறிப்பெடுக்கும் ஆலோசகர், புறக்கணிப்பில் வளர்ந்தவருக்கு அந்தப் பழைய அனுபவத்தையே மீண்டும் தருகிறார். ஜெஃப்ரி யங்கின் ஸ்கீமா சிகிச்சை, வரம்புக்குட்பட்ட மறுவளர்ப்பு என்ற முறையில் சிகிச்சையாளரின் வெளிப்படையான அக்கறையையே கருவியாக்குகிறது.

மீட்சிக்குப் பொதுவான ஒரு வரிசை உண்டு. முதலில் உடல் உணர்வை மனவுணர்வோடு இணைப்பது: நெஞ்சு அடைத்த நேரத்தில் கோபமா, பயமா, ஏக்கமா என்று பிரித்தறியப் பழக்குவது. அடுத்து, கிடைக்காததற்காகத் துக்கப்பட இடம் தருவது. மூன்றாவது, இன்றைய உறவுகளில் சிறு தேவைகளைக் கேட்டுப் பெறப் பயிற்சி. பெற்றோரை எதிர்கொண்டு கணக்குக் கேட்பது சிகிச்சை இலக்காக வேண்டியதில்லை. வயதான பெற்றோர் அதே வீட்டில் இருக்கையில், எதற்கு வளைவது, எதை மறுப்பது என்ற எல்லையை வகுப்பதே பயன் தரும். அவர்களும் யாரும் தூக்காமல் வளர்ந்தவர்களாக இருக்கலாம்; அதை அறிவது பழி குறைய உதவும், இழப்பை மறுக்க அல்ல.

குழந்தைகளிடம் கண்டறிவதில் பள்ளி ஆலோசகர் 'தொல்லை தராத பிள்ளை'யையும் கவனிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவில் வேண்டுமென்றே செய்யும் புறக்கணிப்பைத் தண்டிக்கிறது. உணர்வுப் புறக்கணிப்பில் பெரும்பகுதி வேண்டுமென்று செய்யப்படுவதில்லை. அங்கு குடும்பத்துக்கு உதவுவதே முதல் வழி. பாதுகாப்புக்கு ஆபத்து தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்க வேண்டும்.

கடைசியாக, தற்கொலை அபாயம். 2022இல் புதுச்சேரியின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 29.7, நாட்டின் சராசரி 12.4. இதற்குக் காரணங்கள் பல. ஆனால் உதவி கேட்டுப் பழகாதவருக்கு, பாதுகாப்புத் திட்டத்தில் 'யாரையாவது அழையுங்கள்' என்ற வரி வெறும் எழுத்து. ஒருவரின் பெயரை அதில் எழுதி, அவரை அழைக்கும் முதல் வாக்கியத்தை அமர்விலேயே சொல்லிப் பார்க்கச் செய்து, டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416ஐ அவர் கைபேசியில் பதிந்து அனுப்புவது அதைச் செயலாக்கும்.