வரிக்கு வரம்பில்லை, சலுகைக்கு மட்டும் வரம்பா?

2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசி, பருப்பு, கோதுமை மாவுக்கெல்லாம் 5 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. அதற்கு முன் பிராண்டு சரக்குக்கு மட்டும் இருந்த வரி இது. 25 கிலோவைத் தாண்டினால் வரி கிடையாது. உடனே கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது. மூட்டையாக வாங்க வசதி உள்ளவர் தப்பித்தார். கூலி கைக்கு வந்ததும் 5 கிலோ பை வாங்குகிறவர் வரி கட்டுகிறார். 500 ரூபாய் அரிசிக்கு 25 ரூபாய். அதில் பாதி மாநில அரசுக்கு.

சேரி மக்கள் வரியே கட்டாமல் சலுகை மட்டும் அனுபவிக்கிறார்கள் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். சோப்புக்கும் செருப்புக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் நாம் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் நடக்கிறது, ரேஷன் கிடைக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் பெரிய முதலீட்டாளர்களுக்கான ஊக்கச் சலுகையும் அதிலிருந்துதான் போகிறது. தமிழ்நாட்டின் 2021 தொழிற்கொள்கைப்படி, பெரிய நிறுவனங்கள் தேர்ந்துகொள்ளக்கூடிய சலுகைகளில் ஒன்று, தங்கள் பொருளுக்கு வசூலான மாநில ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறுவது. பொருளை வாங்கியவர் கட்டிய வரி, விற்ற நிறுவனத்துக்கே போய்ச் சேர்கிறது. அதைப் பெற பல கோடி முதலீடு வேண்டும். அந்த வாசலில் நம்மில் எத்தனை பேர் நிற்க முடியும்?

2023இல் அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை நாம் வரவேற்கிறோம். 35 விழுக்காடு மூலதன மானியம், 6 விழுக்காடு வட்டி மானியம் என்பது சிறிய விஷயமல்ல. ஆனால் மானியம் வங்கிக் கடனோடு கட்டப்பட்டது. வங்கி மேலாளர் மனம் வைக்க வேண்டும். அவர் சொத்து இருக்கிறதா என்பார். வெள்ளையர் காலத்தில் கொடுத்த பஞ்சமி நிலத்தையும் பிறரிடம் பறிகொடுத்தவர்கள் எந்தப் பத்திரத்தைக் காட்டுவது?

1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் கேட்டார். வருமான வரிக்கு ஒரு வரம்பு இருக்கிறது; நிலவரிக்கு மட்டும் ஏன் இல்லை? ஒரு ஏக்கர்காரரும் நூறு ஏக்கர்காரரும் ஒரே விகிதத்தில் கட்டுவது என்ன நியாயம்? நிலவரி இருந்த இடத்தில் இன்று ஜிஎஸ்டி இருக்கிறது.

உணவுப் பொருள் மீதான வரியை நீக்க வேண்டுமென்று ஜிஎஸ்டி மன்றத்தில் தமிழ்நாடு பேச வேண்டும். அங்கே முடிவெடுப்பது ஒன்றிய அரசும் எல்லா மாநிலங்களும் சேர்ந்து என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஊக்கச் சலுகை முழுக்க மாநில அரசின் கையில் இருக்கிறது. எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு வரி திரும்பிப் போனது, அங்கே நிரந்தர வேலையில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர், தொழிற்பேட்டை மனைகளில் அவர்களுக்கு எத்தனை கிடைத்தது என்பதை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கட்டும். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். சலுகை பெறும் ஆலையின் நிரந்தர வேலைகளில் அந்தப் பங்கு இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். எழுத மறுக்கும் நிறுவனத்துக்கு நம் வரிப்பணத்தைத் திருப்பித் தரக் கூடாது.