மீன் குஞ்சும் வாத்துக் குஞ்சும்

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக் கொடுக்க வேண்டுமா என்று நம் பாட்டிமார் கேட்பது வழக்கம். வேண்டியதில்லைதான். அந்தப் பழமொழியில் மீனை எடுத்துவிட்டு வாத்தை வைத்தாலும் சரியாகத்தான் இருக்கும் என்று பத்து வயதில் ஒரு நாள் நாம் தீர்மானித்தோம். அந்தத் தீர்மானத்தின் பலனாகப் பதினொரு வாத்துக் குஞ்சுகளில் ஆறு ஒரே மாலையில் மாண்டு போயின.

அவை திருவிழாக் கடையில் வாங்கி வந்த குஞ்சுகள். பொரித்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். கொல்லைத் தொட்டியில் கிணற்று நீரை நிரப்பி எல்லாவற்றையும் அதில் விட்டோம். ஆஹா, எவ்வளவு ஜோராக நீந்தின! கை கொட்டி ஆர்ப்பரித்துவிட்டு, யாரோ கூப்பிட்டதற்காக உள்ளே போனோம். அரை மணி கழித்துத் திரும்பியபோது, சில குஞ்சுகள் நனைந்த பஞ்சு போலச் சுருங்கி, பாதி முழுகி, கழுத்தைத் தொங்கப் போட்டிருந்தன. தொட்டியின் சுவரோ வழுவழுப்பு. ஏறி வர வழியில்லை. எடுத்துத் துடைத்தோம், அடுப்பங்கரையில் வைத்தோம். விளக்கேற்றும் நேரத்துக்குள் ஆறும் போய்விட்டன. அன்றிரவு சாப்பாடு வேண்டாமென்று நாம் படுத்துக்கொண்டதை வீட்டார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இந்தப் பழைய துக்கம், சென்ற தை மாதத்தில் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில், ஒரு மீனவர் வீட்டுக் கொல்லையில் நின்றபோது மறுபடியும் ஞாபகத்துக்கு வந்தது.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பழவேற்காட்டை நேயர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இந்தியாவிலுள்ள உப்பங்கழி ஏரிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுவே. ஏரியின் பெரும் பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது, தென்கோடிதான் தமிழ்நாட்டினுடையது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு, ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்ட மதில் போலக் கிடக்கிறது. 1613-ஆம் வருஷத்தில் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்தார்கள். கோட்டை மண்ணோடு மண்ணாய்ப் போயிற்று. அவர்களுடைய கல்லறைகள் மட்டும் சித்திர வேலைப்பாட்டோடு நிற்கின்றன. ஆனால் நாம் சொல்லவந்தது டச்சுக்காரரைப் பற்றியன்று, தண்ணீரைப் பற்றி. ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாறு முதலிய ஆறுகள் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது ஏரியின் உப்பு வெகுவாகக் குறைகிறது. தை கழிந்தபின் அது ஏறிக்கொண்டே போய், கோடையில் சில இடங்களில் கடலைக்காட்டிலும் உப்பாகிவிடும். கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர். குடிப்பதற்கோ குடத்தோடு நடக்க வேண்டும்.

அந்த வீட்டில் வாத்து ஒன்று அடைகாத்துப் பத்துக் குஞ்சு பொரித்திருந்தது. மூன்றாம் நாள் இரவு தாயை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. பேரப் பிள்ளைகள் ஒரு யோசனை சொன்னார்கள்: "ஏரிதான் ரெண்டு எட்டிலே இருக்குதே, ஆயா! அதிலே விட்டுடலாம், அதுங்களே மேய்ஞ்சுக்கும்." நாம் பத்து வயதில் செய்த அதே யோசனை! ஆயா மறுத்துவிட்டாள். பெரிய பனையோலைக் கூடை ஒன்றில் உலர்ந்த மணலைப் பரப்பி, மேலே சாக்கைப் போட்டு, குஞ்சுகளை அதில் விட்டிருந்தாள். கூடையின் ஒரு மூலையில், கந்தைத் துணி சுற்றிய ஒரு சிறு மண்பானை. அதற்குள் வெந்நீர். பத்துக் குஞ்சுகளும் பானையைத் தாயென்று எண்ணி ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்தப் பானையைக் கண்டதும், அன்று நாம் செய்த பிழை எது என்பது விளங்கிவிட்டது. வாத்துக் குஞ்சுக்கு நீந்த யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நனையாமல் இருக்கவும், நனைந்தபின் உலரவும் அதற்குத் தாய் வேண்டும். வளர்ந்த வாத்தின் வாலடியில், முதுகுப்புறமாக, ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. வாத்து அலகால் அந்த எண்ணெயைத் தொட்டுத் தொட்டு இறகெல்லாம் பூசிக்கொள்கிறது. தாயின் மார்புக்கடியில் குஞ்சுகள் ஒண்டும்போது அவளுடைய எண்ணெய் அவற்றின் மெல்லிய தூவியிலும் படிகிறது. அதைவிடப் பெரிய விஷயம், பத்து நிமிஷம் நீந்திவிட்டு நடுங்கிக்கொண்டு வரும் குஞ்சுகளை இறகுக்குள் இழுத்து உலர்த்திச் சூடேற்ற அவள் கரையிலேயே இருக்கிறாள். தாயற்ற குஞ்சை முதல் வாரத்தில் தொட்டியில் விடுவது, மார்கழி விடியலில் பச்சைக் குழந்தையைக் குளத்தில் முழுக்கி ஈரத்தோடு திண்ணையில் கிடத்துவதற்குச் சமானம். மார்பில் உண்மையான இறகு முளைக்க நாலைந்து வாரமாகும். அதுவரையில் நீச்சலை ஒத்திப் போடுவதே நலம்.

சூடு எவ்வளவு வேண்டும்? முதல் வாரத்தில் சுமார் 32 டிகிரி. பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம் என்பது கணக்கு. உஷ்ணமானி இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று ஆயாவைக் கேட்டோம். "அதுங்களே சொல்லுமே, ஐயா! குளிருச்சின்னா ஒண்ணு மேலே ஒண்ணு ஏறிக் கத்தும். சூடு தாங்கலைன்னா வாயைத் திறந்துகிட்டுத் தள்ளித் தள்ளிப் படுக்கும்" என்றாள். கோழிப் பண்ணை நூல்கள் சொல்வதும் இதுவேதான். சற்று அதிகப் பக்கங்களில் சொல்கின்றன. பட்டணத்து நேயர்கள் பானைக்குப் பதிலாக மின்சார விளக்கைத் தொங்கவிடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: இக்காலத்து எல்.இ.டி. விளக்கில் வெளிச்சம் உண்டு, குஞ்சுக்குப் போதுமான வெப்பம் கிடையாது. பழைய டங்ஸ்டன் குண்டு பல்புதான் இதற்கு உதவும். கூடையின் ஒரு பக்கத்தில் மட்டும் சூடு இருக்கட்டும். வேண்டாதபோது விலகிக்கொள்ள இடம் வேண்டுமல்லவா? சித்திரை வெயிலில் பகலுக்குச் சூடே தேவையில்லை, நிழல்தான் தேவை. கீழே செய்தித்தாளை மட்டும் பரப்புகிறவர்கள் உண்டு. வழுவழுப்பான தரையில் கால் அகன்றுபோய்க் குஞ்சு முடமாகிவிடும், சாக்குத்தான் சிறந்தது.

இனிக் குடிநீர். பழவேற்காட்டில் இதுவே பெரிய சங்கடம். கடலோரத்தில் வாழும் வாத்துகளுக்குக் கண்ணுக்கு மேலே உப்பைப் பிரித்து மூக்கு வழியாக வெளியேற்றும் சுரப்பி ஒன்று உண்டு. பொரித்த குஞ்சில் அது இன்னும் முதிர்ந்திராது. உப்புநீரை மட்டும் குடித்தால் குஞ்சு சோர்ந்து, வளராமல், செத்துப்போகும். உப்பு ஏரிகளில் வாழும் காட்டு வாத்துகளும் தங்கள் குஞ்சுகளை நன்னீர் உள்ள மூலையைத் தேடியே அழைத்துச் செல்கின்றன. அந்த வீட்டில் மருமகள் தலையில் சுமந்து வரும் குடத்திலிருந்துதான் குஞ்சுகளுக்கும் பங்கு போயிற்று. அதைப் பற்றி மாமியாருக்கும் மருமகளுக்கும் சிறு வாக்குவாதமும் நடந்தது. "வாத்துக்கு ஊத்தறதுக்கா நான் நடந்து சாகறேன்?" என்று மருமகள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயா பதில் பேசவில்லை; தன் பங்குத் தண்ணீரைக் காட்டினாள்.

தண்ணீர்ப் பாத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலகும் மூக்குத் துவாரமும் முழுகும் அளவு ஆழம் வேண்டும். இல்லாவிட்டால் தீனி மூக்கில் அடைத்துக்கொள்ளும். ஆனால் குஞ்சு உள்ளே இறங்கும்படி இருக்கக்கூடாது. ஆயா ஓர் அகலச் சட்டியில் கூழாங்கற்களை நிரப்பி, இடுக்குகளில் தண்ணீர் நிற்கும்படி செய்திருந்தாள். தண்ணீர் அருகில் இல்லாமல் உலர்ந்த தீனியை ஒருபோதும் வைக்கலாகாது, விக்கிக்கொள்ளும்.

பொரித்த முதல் நாள் தீனி கொடுக்காவிட்டாலும் பாதகமில்லை. முட்டையின் மஞ்சட்கரு வயிற்றுக்குள்ளேயே கட்டுச்சோறாக இருக்கிறது. பிறகு வேகவைத்த நொய், தவிடு, பொடியாக நறுக்கிய கீரை, அவித்த முட்டை, நசுக்கிய நத்தை இவையெல்லாம் ஆகும். கோழிக் குஞ்சைக்காட்டிலும் வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்னும் ஜீவசத்து அதிகமாகத் தேவை. அது குறைந்தால் கால் வளைந்து நடக்கமாட்டாமல் உட்கார்ந்துவிடும். ஈஸ்ட்டிலும் மீனிலும் அந்தச் சத்து உண்டு. குப்பத்தில் மீனுக்கா பஞ்சம்? புதிய இறால் தலையையும் பொடிமீனையும் அவித்து நசுக்கிக் கொடுக்கலாம். கருவாடு கூடாது, அதுவும் உப்புத்தான். அழுகிய மீனோ அதைவிடக் கெடுதல். அதில் உண்டாகும் பாட்டுலின விஷம் வாத்தின் கழுத்தையே நிமிர்த்த முடியாமல் செய்துவிடும். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் மடிந்தன. பிரேஸில் தேசத்திலிருந்து வந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் படர்ந்த பூஞ்சையே யமன் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அஃப்ளாடாக்சின் என்ற விஷத்தை உலகம் அறிந்தது அப்படித்தான். அந்த விஷத்துக்கு வாத்துக் குஞ்சைப் போல் சீக்கிரம் பலியாகும் பிராணி மிகச் சிலவே. மாட்டுக்கு ஆகாதென்று ஒதுக்கிய பிண்ணாக்கை வாத்துக்குப் போடுகிற சிக்கனம் வேண்டாம்.

தாயின் மற்றோர் உத்தியோகம் காவல். மீன் காயும் இடத்தில் காக்கைக்கும் பருந்துக்கும் குறைவேது? முதல் நாளே ஒரு குஞ்சைக் காக்கை கொண்டுபோயிற்று. அதன்பின் கொல்லையில் பழைய வலையைப் பந்தலாகக் கட்டினார்கள். அதிலும் ஆயா ஜாக்கிரதை: மெல்லிய நைலான் நரம்பு வலையில் குஞ்சின் கால் மாட்டிக்கொள்ளும் என்று, தடித்த நூல் வலையாகப் பார்த்துக் கட்டச் சொன்னாள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, அடைக்கோழி ஒன்று கிடைத்தால் போதாதா என்று நேயர்கள் கேட்கலாம். போதும், அதுவே உத்தமம். வீட்டு வாத்துகளில் பெரும்பாலானவை, தலைமுறை தலைமுறையாக முட்டைக்காகவே தேர்ந்து வளர்க்கப்பட்டதால், அடைகாக்கும் சுபாவத்தையே மறந்துவிட்டன. நம் ஊர்களில் வாத்து முட்டையைக் கோழிக்கு அடைவைப்பது நெடுங்கால வழக்கம். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். அந்த ஏழு நாளையும் கோழி முணுமுணுக்காமல் உட்கார்ந்து கழிக்கிறது. பிறகு ஒரு நாள் குஞ்சுகள் குளத்தில் இறங்கி நீந்தும்போது கரையில் நின்று அது போடும் கூச்சலைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். தாயற்ற குஞ்சுகளை அதனிடம் சேர்ப்பதாயிருந்தால், இருட்டியபிறகு, அது அடையிலிருக்கும்போதே, மெதுவாக இறகுக்கடியில் தள்ளிவிட வேண்டும். பகலில் காட்டினால் கொத்திவிடும்.

ஆயாவுக்கு அடைக்கோழி கிடைக்கவில்லை. ஆகவே குஞ்சுகள் அவளையே தாயாக்கிக்கொண்டன. பொரித்த முதல் ஓரிரு நாட்களில் கண்ணெதிரே நடமாடுவது எதுவோ அதைப் பின்தொடர்வது வாத்துக்கும் தாராவுக்கும் இயல்பு. ஆஸ்திரிய விஞ்ஞானி கொன்ராட் லோரென்ஸ் இதை 1935-ல் விரிவாக எழுதினார். பெருந்தாராக் குஞ்சுகள் அவரைத் தாயென்று நம்பி வரிசையாகப் பின்னால் நடந்தன. 1973-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இதில் குழந்தைகளுக்கு வேடிக்கை உண்டு. குஞ்சுக்கு ஆபத்தும் உண்டு. ஒற்றைக் குஞ்சாக வளர்த்தால், ஆள் மறைந்த மறுகணம் ஓயாமல் கத்தித் தீனியைக்கூட விட்டுவிடும். வாங்குவதானால் இரண்டாவது வாங்குங்கள். வளர்க்க இடமில்லையானால் ஒன்றும் வாங்காதீர்கள்.

காட்டு வாத்தின் குஞ்சோ வேறு சமாசாரம். பழவேற்காட்டுக்குக் குளிர்காலத்தில் வந்திறங்கும் ஊசிவால் வாத்து முதலியவை வடக்கே போய்த்தான் குஞ்சு பொரிக்கும். இங்கேயே பொரிப்பவை புள்ளிமூக்கு வாத்தும் சிறவியும். நாணல் ஓரத்தில் அவற்றின் குஞ்சு தனியாய்த் தென்பட்டால், பெரும்பாலும் தாய் அருகே ஒளிந்துகொண்டுதான் இருக்கும். நாம் விலகிப்போனால் வந்துவிடும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டுக்கு எடுத்துவருவது குற்றம். உண்மையாகவே தாயற்றதென்று தெரிந்தால் வனத்துறையாரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பங்குனியில் மறுபடியும் அந்தக் குப்பத்துக்குப் போயிருந்தோம். கால் வளைந்த ஒரு குஞ்சு தேறாமல் போய்விட்டதாம், எட்டு மிஞ்சியிருந்தன. மார்பெல்லாம் இறகு மூடிக் கனத்துப்போய், குப்பத்துக்குப் பின்னாலுள்ள நன்னீர்க் குட்டையில் பகலெல்லாம் மேய்ந்தன. பொழுது சாய்ந்ததும் ஆயா ஒரு தகர டப்பாவைத் தட்டினாள். எட்டும் ஒற்றை வரிசையாக அசைந்தாடி வந்து வாசற்சட்டியைச் சுற்றிக்கொண்டன. அவள் குடத்தைச் சாய்த்துச் சட்டியை நிரப்பினாள். பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் ஓடிவந்த பேரன், பையைக்கூடக் கீழே வைக்காமல், "எனக்கு முன்னே அதுங்களுக்கா, ஆயா?" என்று கேட்டுக்கொண்டு நின்றான்.