கூழ் குடிப்பேன், கும்பிட மாட்டேன்

ஆடி மாதம் எங்கள் காலனியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் வீட்டுக்கு வீடு சொம்பு நிறையக் கூழ் வந்துவிடும். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், கருவாட்டுக் குழம்பு. நான் இரண்டு சொம்பு குடிப்பேன். சபைக்குப் போகும் என் சித்தி தொடவே மாட்டார். படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பார். சில வருடங்களுக்கு முன் இதைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "சாமி இல்லைன்றவ குடிக்கிறா, சாமி இருக்குன்றவ குடிக்க மாட்டேன்றா. நான் யார நம்பறது?"

அம்மனும் ஏசுவும் இருபது வருடமாக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கும் வீடு எங்களுடையது. அம்மாவும் சித்தியும் ஒத்துப்போகிற ஒரே விஷயம், எனக்கு நல்ல புத்தி வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வது.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு தம்பி காரணம். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கல்லூரி மாணவர். அம்பேத்கரும் பெரியாரும் படிக்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. "அக்கா, நான் நாத்திகன்னு வீட்ல சொல்லணும். வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போட்டுடட்டுமா?" என்று கேட்டார். கொஞ்சம் பொறு என்றேன். "ஏங்க்கா, பயமா?" என்றார்.

பயப்பட வேண்டிய இடங்களும் இந்த நாட்டில் இருக்கின்றன. 2013-இல் புனேயில் தபோல்கரைச் சுட்டுக் கொன்றார்கள். 2017 மார்ச் 16 இரவு கோவையில் திராவிடர் விடுதலைக் கழகத் தோழர் ஃபாரூக் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 31. கடவுள் மறுப்பை வெளிப்படையாக எழுதியது மட்டுமே அவர் செய்த குற்றம். மகன் எதற்காகக் கொல்லப்பட்டானோ அந்த இயக்கத்தில் நானும் சேர்கிறேன் என்று அப்போது அவருடைய தந்தை சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் எப்படி வந்தடைந்திருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

எங்கள் காலனியில் யாரும் அரிவாளோடு வரமாட்டார்கள். அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பார், அவ்வளவுதான். ஆனால் அவர் பயம் வேறு. எம்.ஏ. வகுப்பில் துர்கெய்ம் நடத்தினார்கள். ஒரு கூட்டம் கும்பிடுவது கடைசியில் தன்னையேதான் என்கிற வாதத்தைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். புரிந்தது வீட்டில்தான். "சாமி வேணாம்னா சரி, நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா யார் வருவா?" என்று அம்மா கேட்டபோது.

தம்பியிடம் ஒரு வரலாறும் சொன்னேன். சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு நம் செங்கல்பட்டில்தான் நடந்தது, 1929 பிப்ரவரி 17, 18. கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவே தரகர் வேண்டாம், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம், பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு வேண்டும் என்றெல்லாம் தீர்மானம் போட்டார்கள். பிறகு 1933 டிசம்பர் கடைசியில் சென்னையில் நாத்திகர் மாநாடு, மீனவர் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் தலைமையில். இந்த மரபில் எனக்குப் பெருமை உண்டு. கூடவே ஒரு முணுமுணுப்பும் உண்டு. பட்டம் இருந்தவர்கள் பட்டத்தை உதறினார்கள். என் தாத்தாவிடம் உதறுவதற்கு என்ன இருந்தது? பெயரையே ஊர்க்காரர்கள் அரைகுறையாகத்தான் கூப்பிட்டார்கள்.

கடவுளும் அப்படித்தான். மேடையில் மறுக்கப்படுகிற கடவுளுக்குக் கோபுரம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, அர்ச்சகர் இருக்கிறார். எங்கள் வேப்பமரத்தடி அம்மனுக்குப் பூசாரி என் பெரியப்பா. தரகு என்று பார்த்தால் அவருக்குக் கிடைப்பது ஒரு மூடி தேங்காய். தம்பி இறந்தபோதும், அப்பா குடித்துவிட்டு அடித்தபோதும் அம்மா போய் உட்கார்ந்தது அந்த மரத்தடியில்தான். "கடவுள் இல்லை" என்று முதல் தடவை நான் சமையல்கட்டில் நின்று கத்தியபோது அவர் காதில் விழுந்தது, "நீ அழுததெல்லாம் பொய்" என்பதுதான். எனக்கு அப்போது 22 வயது. சரியானதைச் சொன்னேன், கேவலமாகச் சொன்னேன்.

எங்களுக்குள் பேச்சு உண்மையில் ஆரம்பித்தது ஒரு கோயில் நுழைவுப் பிரச்சினையில். பக்கத்து ஊரில் காலனி மக்களை உள்ளே விடவில்லை. நான் மனு எழுதிக்கொண்டு அலைந்தேன். அம்மா கேட்டார்: "நீயே கும்பிடறதில்ல, அந்தக் கேட்டுல போய் இன்னாத்துக்கு நிக்கிற?"

நியாயமான கேள்வி. 1924-இல் வைக்கம் தெருவுக்காகப் பெரியார் சிறை போனதைச் சொன்னேன். 1930-இல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் அம்பேத்கர் போராட்டம் நடத்தியதையும், ஐந்தே வருடத்தில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அவர் அறிவித்ததையும் சொன்னேன். 2023 ஜனவரியில் திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் போலீஸ் பாதுகாப்போடு நம் மக்கள் முதல்முறையாக மாரியம்மன் கோயிலுக்குள் போன வீடியோவைக் காட்டினேன். உள்ளே சாமி இருக்கிறதா என்பது வேறு கேள்வி, சாவி யார் இடுப்பில் என்பதுதான் என் கேள்வி என்றேன். அம்மா வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். "பூட்டி வெச்சிக்கிற சாமிய நான் எப்பவோ விட்டுட்டேன். அது சாமியே இல்ல" என்றார்.

நான் பிறப்பதற்கு முன்பே அம்மா பாதி நாத்திகர். அது தெரியாமல்தான் அவருக்கு நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த வீட்டில் பொய் சொல்வது யார் என்றும் பார்க்க வேண்டும். என் சாதிச் சான்றிதழில் இந்து. சித்தியின் சான்றிதழிலும் இந்து. 1950-இல் வந்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்கிறது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறித்தவர்கள் இன்னும் வெளியே. 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், தேவாலயத்துக்குத் தவறாமல் போய்க்கொண்டு இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்பது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியதிலிருந்து சித்தி சபைக்குப் போகும்போது பைபிளைக் கட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறார். பிள்ளைகளின் படிப்பு அவருக்கு முக்கியம்.

என் நிலைமை வேடிக்கையானது. எந்த மதத்தையும் பின்பற்றாதவள் "வேறு மதத்தை"ப் பின்பற்றவில்லை, அதனால் அந்தப் பத்தி என்னைத் தொடவில்லை என்றுதான் படிக்கிறேன். பழங்குடிகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் மணலில் கன்னியம்மனை வைத்து வணங்கும் இருளர்கள் நாளை யாரை வணங்கினாலும் அவர்கள் பழங்குடிகள்தான். அவர்களுக்கான சான்றிதழ் வேலையில் வருடக்கணக்காக அலைகிறேன். அங்கே கேள்வி வேறு, தடை வேறு. மதத்தைக் காரணம் காட்டி யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

பள்ளியில் சாதி, மதம் எழுதாமல் விடலாம் என்று தமிழக அரசு 1973-லேயே ஆணை போட்டது. 2019-இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா சாதி மதம் அற்றவர் என்று சான்றிதழே வாங்கினார். அவருடைய உறுதியை மதிக்கிறேன். ஆனால் தம்பியிடம், நீ அதைச் செய்யாதே என்றேன். நாம் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தால் உதவித்தொகை போகும், சாதி போகாது. டீக்கடைக்காரர் சான்றிதழைப் பார்த்தா டம்ளரை எடுத்து வைக்கிறார்?

ஆகவே தம்பி, ஸ்டேட்டஸ் வேண்டாம். அம்மா கேட்டால் பொய் சொல்லாதே. கேட்காதபோது பாடம் எடுக்காதே. திருநீறு பூச வந்தால் "வேணாம்மா" என்று சொல், கையைத் தட்டிவிடாதே. திருவிழாவுக்குப் பந்தல் கட்டு, கூழ் குடி. அப்பா குறுக்கே நின்று உன் தங்கையின் காதலைச் சாமி குத்தம் என்று தடுத்தால் அன்றைக்கு மட்டும் எதற்கும் விட்டுக்கொடுக்காதே.

போன மாதம் அம்மா கேட்டார், "நான் செத்தா காரியம் பண்ணுவியா?" உன் இஷ்டப்படி எல்லாம் நடக்கும், நானே முன்னால் நிற்பேன் என்றேன். பதிலுக்கு என்னுடையதையும் சொன்னேன்: காரியம் வேண்டாம், உடலைச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும். வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்பாவைத் தூக்கிப் போன நாள் ஞாபகம் வந்திருக்கும். பாதையை மறித்ததால் சேற்றுக் கழனியில் இறங்கித்தான் சுடுகாட்டுக்குப் போனோம்.

"அங்க வண்டியே வந்து எடுத்துட்டுப் போவுமா?" என்று கேட்டார். ஏற்பாடு செய்யலாம் என்றேன்.

படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். சாட்சிக் கையெழுத்து அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் போடவில்லை.