படுக்கையோரக் குழாய் யார் பொறுப்பு?

2011 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் வட அயர்லாந்தில் நான்கு பச்சிளங்குழந்தைகள் ‘சூடோமோனாஸ்’ பாக்டீரியா தொற்றி இறந்தன. மூன்று மரணங்கள் பெல்ஃபாஸ்ட் நகரின் ராயல் ஜூபிலி மகப்பேறு மருத்துவமனையில். ஒன்று ஆல்ட்னகெல்வின் மருத்துவமனையில். பேராசிரியர் பாட் ட்ரூப் தலைமையில் நடந்த விசாரணையின் கவனம், கைகழுவும் குழாய்கள்மீது குவிந்தது.

குழாய்களைக் கழற்றிப் பார்த்த ஆய்வாளர்கள், தண்ணீர் சிதறாமல் விழுவதற்காக அவற்றின் வாயில் பொருத்தியிருந்த, தேன்கூடு போன்ற சிறு பாகத்தில் கிருமி படலமாகப் படிந்திருப்பதைக் கண்டார்கள். கட்டடத்துக்குள் வரும் தண்ணீர் நன்றாக இருந்தாலும் இந்த இடத்தில் கிருமி வளர்ந்துவிடும். சூடோமோனாஸ் பெரும்பாலும் குடியிருப்பது குழாய்ப் பாதையின் கடைசி இரண்டு மீட்டரில்தான். படலமாகிவிட்டால் குளோரினுக்கும் அது எளிதில் மசியாது. உடல்நலத்தோடு இருப்பவர் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. குறைமாதக் குழந்தைக்கோ தோல் மெல்லியது, எதிர்ப்புச் சக்தி குறைவு, உடலில் ஊசிக்குழாய்கள் வேறு. துணி மாற்றும்போது துடைத்துவிடும் ஈரப்பஞ்சே போதும், கிருமி உள்ளே போய்விடும். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தையைத் துடைக்கக் கிருமி நீக்கிய தண்ணீரையே பயன்படுத்த வேண்டும் என்று விசாரணைக் குழு சொன்னது அதனால்தான்.

தண்ணீர் விழும் இடத்தைப் போலவே அது வடியும் இடமும் ஆபத்தானது. கனடாவின் டொரன்டோ பொது மருத்துவமனையில் 2004 முதல் 2006 வரை 36 நோயாளிகளிடம் இதே கிருமி பரவியது. காரணம் தேடியவர்கள் வாஷ்பேசின் வடிகாலில் ஒளிரும் சாயத்தை ஊற்றிக் குழாயைத் திறந்தார்கள். தெறித்த துளிகள் ஒரு மீட்டர் தூரம்வரை போய் விழுந்தன. மருந்து தயாரிக்கும் இடமும் அந்தத் தூரத்துக்குள்தான் இருந்தது.

நம் மருத்துவமனைகளில் தண்ணீர்ச் சுத்தம் என்றால் மேல்நிலைத் தொட்டியைக் கழுவுவதும் ஆர்.ஓ. இயந்திரம் வைப்பதும்தான். இரண்டும் அவசியம்தான். 20 முதல் 45 டிகிரிவரை சூடேறித் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும்; நம் ஊர் வெயிலில் அந்தச் சூடு தானாகவே வந்துவிடுகிறது. ஆனால், தொட்டியோடு வேலை முடிந்துவிடுவதில்லை. சாப்பாட்டுப் பாத்திரம் கழுவுவதும் மிச்ச டீயையும் குளுக்கோஸையும் கொட்டுவதும் கைகழுவும் பேசினில்தான் என்றால், வடிகாலில் உள்ள கிருமிக்குத் தீனி போடுகிறோம். ஆக்சிஜன் ஈரப்பதக் குடுவையில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினால் கிருமியை நேராக நுரையீரலுக்கே அனுப்புகிறோம். செவிலியரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. கிருமி நீக்கிய தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அவர் ஏன் குழாயைத் திறக்கப்போகிறார்?

அரசு மருத்துவமனைக் கட்டடங்களைப் பராமரிப்பது பொதுப்பணித் துறை. தொற்றைக் கவனிப்பது மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் குழு. குழாயின் வாயும் வடிகாலும் இருவர் கணக்கிலும் சேராமல் போய்விடக் கூடாது. தீவிர சிகிச்சை, பச்சிளங்குழந்தை, புற்றுநோய், டயாலிசிஸ் பிரிவுகளில் எந்தக் குழாயை யார் தினமும் திறந்து ஓடவிடுவது, யார் கழற்றிச் சுத்தம் செய்வது, தண்ணீர் மாதிரியை யார் பரிசோதனைக்கு அனுப்புவது என்று மக்கள் நல்வாழ்வுத் துறை பொறுப்பாளரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.